எங்கள் வீட்டை அட்டி போட்ட மேடம்

இந்தப் பூமியில் பிறந்த மனிதர்களிலேயே, ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்காமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தவர் அட்டி மேடம் ஒருவர்தான். "வாங்க, உட்காருங்க" என்று நாம் சொல்லி முடிப்பதற்குள் அவர் தரையோடு தரையாகக் கன்னத்தை வைத்து, "மூணு சூட்கேஸ், ஒரு உடைஞ்ச ஃபேன், ஒத்தைச் செருப்பு" என்று ஒப்பித்துக்கொண்டிருப்பார்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆதார் அட்டையில் கட்டாயம் அச்சடித்திருப்பார்கள். எங்கள் தெருவுக்கு அது தேவைப்படவில்லை. கூரியர்காரர்கூடத் தெருமுனையில் நின்று, "அட்டி மேடம் வீடு எதுங்க?" என்றுதான் கேட்பார்.

வலங்கைமான் பக்கம் ஒரு நெல் குடோனில் முப்பது வருஷத்துக்கு மேல் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குடோனில் மூட்டைகளைச் செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி அடுக்குவதற்கு அட்டி போடுவது என்று பெயர். சுவரிலிருந்து இரண்டடி தள்ளித்தான் போட வேண்டும். தரையில் நேராக வைக்கக் கூடாது, அடியில் கட்டை கொடுக்க வேண்டும். முதலில் வந்த மூட்டை முதலில் வெளியே போக வேண்டும். இந்த மூன்று விதிகளும் நெல்லுக்கு மட்டும்தான் என்று அரசாங்கம் நினைத்திருக்கலாம். மேடம் அப்படி நினைக்கவில்லை. மனித வாழ்க்கை முழுவதற்கும் இதற்கு மேல் ஒரு சட்டம் தேவையில்லை என்பது அவர் கட்சி.

ஓய்வு பெற்றதும் தஞ்சாவூருக்கு வந்து, எங்கள் எதிர்வீட்டு மாடி போர்ஷனில் வாடகைக்குக் குடியேறினார். முத்துப்பேட்டையில் ஒரு தங்கையைத் தவிர, குடும்பம் குட்டி என்று யாரும் இல்லை. கொண்டையில் ஒரு சிவப்புப் பென்சில். கழுத்தில் ஒரு விசில், லாரியைப் பின்னுக்கு எடுக்கச் சொல்ல ஊதிப் பழகியது. கையில் குத்தூசி. மூட்டையை அவிழ்க்காமலே ஒரு குத்து குத்தி நெல் மாதிரியை வெளியே இழுக்கிற கூர்முனைக் குழாய் அது. வேலையை விட்டாலும் அதை விடவில்லை. எதிரில் யாராவது பையோடு வந்தால் அவர் கண் முகத்துக்குப் போகாது, பைக்குத்தான் போகும். கை தானாகக் குத்தூசியைத் தேடும்.

வந்த முதல் வாரம் அடுத்த வீட்டு டீச்சர் அவரைக் காபிக்குக் கூப்பிட்டார். காபி ஆறுவதற்குள் மேடம் பீரோவைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துவிட்டார். "எலி பூந்தா தெரிய வேணாமா டீச்சர்?" என்று கேட்டார். எலி இல்லை. ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்த டிவி ரிமோட் கிடைத்தது. டிவிதான் அதற்குள் இல்லாமல் போய்விட்டது. டீச்சர் வீட்டு பீரோ இன்றைக்கும் அறையின் நடுவில்தான் நிற்கிறது. அதைச் சுற்றி வந்துதான் அவர்கள் படுக்கப் போகிறார்கள்.

அந்த மேடத்தின் கையில் எங்கள் வீடு சிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் ஒன்பது பேர். மாமனார், மாமியார், நானும் கணவரும், குவைத்திலிருந்து வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்ட கொழுந்தன் குமார், அவன் மனைவி, இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று பிள்ளைகள். ஒன்பது பேரும் எதையும் தூக்கிப் போடாத ஒன்பது பேர். என் கணவர் எந்தச் சாமான் வாங்கினாலும் அதன் அட்டைப் பெட்டியை வாரண்டிக்காக வைத்திருப்பார். வாரண்டி முடிந்த பிறகு, வாரண்டி முடிந்துவிட்டது என்பதற்கு அத்தாட்சியாக வைத்திருப்பார். குமார் ஒவ்வொரு லீவுக்கும் புலி படம் போட்ட கனத்த கம்பளிகளாகக் கொண்டுவந்து, தஞ்சாவூர் வெயிலில் பதினாறு புலிகள் சேர்ந்திருந்தன. அத்தைக்குப் பாத்திரம். எனக்கு நான் எழுதியவை வந்த வார இதழ்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி.

இவை எல்லாம் போய்ச் சேர்கிற இடம் கீழே இருந்த சாமான் ரூம். மாமாவும் அத்தையும் வயதான காலத்தில் படி ஏறாமல் இருக்க வேண்டும் என்று, பாத்ரூமோடு சேர்த்துக் கட்டிய அறை அது. கட்டி முடித்த மறுவாரம் உள்ளே ஒரு சாக்கு போனது. அதற்கப்புறம் அந்த அறையின் தரையை யாரும் பார்த்ததில்லை.

அந்த ஐப்பசியில் மாமா சம்பா நடவைப் பார்க்கப் போனவர், மழையில் ஊறிய வரப்பில் கால் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் எங்களை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"பன்னிரண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவேன். கீழ ரூம் வேணும், பக்கத்துலயே பாத்ரூம் வேணும். வாக்கர் வச்சு நடக்கணும், கால்ல ஒரு துணிகூடத் தட்டுப்படக் கூடாது. இன்னொரு தடவை விழுந்தாருன்னா எங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்து நாங்கள் எல்லோரும் சாமான் ரூம் வாசலில் நின்றோம். கதவு கால்வாசிதான் திறந்தது. குமார் உள்ளே கையை விட்டுப் பார்த்தான். மேலே இருந்து ஒரு கம்பளி அவன் தலையில் விழுந்தது.

நான் எதிர்வீட்டு மாடி ஏறினேன். விஷயத்தைச் சொன்னேன். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"லோடு வர்றதுக்கு எத்தனை நாள் இருக்கு?"

"லோடு இல்லைங்க மேடம், எங்க மாமனார்."

"அதான்மா, எத்தனை நாள்?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் விசில் சத்தம் கேட்டது. எழுந்து வந்து பார்த்தால், மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிறார். வீட்டில் இருந்த எல்லோரையும் கூடத்தில் வரிசையாக நிற்க வைத்தார். சாமான் ரூமிலிருந்து ஒவ்வொரு பொருளாக வெளியே வரும். இது யார் சரக்கு, கடைசியாக எப்போது தொட்டீர்கள், இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொன்னால் பொருள் தங்கும். இல்லாவிட்டால் "தள்ளுபடி."

முதலில் சிக்கியவர் என் கணவர். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வாஷிங் மெஷின் பெட்டி. அதற்குள் மிக்ஸிப் பெட்டி. அதற்குள் இஸ்திரிப் பெட்டி வந்த பெட்டி. அதற்குள் வெறும் தெர்மாகோல்.

"தெர்மாகோலுக்கும் வாரண்டி இருக்கா தம்பி?" என்றார் மேடம், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போல.

அடுத்தது குமாரின் புலிகள். மேடம் ஒரு கம்பளிச் சுருட்டில் குத்தூசியைச் செருகி இழுத்து முகர்ந்து பார்த்தார். "ஈரப்பதம் ஜாஸ்தி" என்றார்.

"மேடம், இது ஃபாரின் கம்பளி!"

"இருக்கட்டும். இந்த ஊர்ல இதைப் போத்திக்கிட்டுப் படுத்தா மனுஷன் அவிஞ்சு போவான். குளிரு எங்க இருக்கோ அங்கதான் சரக்கு போகணும்." அவரோடு வேலை பார்த்த ஒருவர் இப்போது கொடைக்கானலில் பிள்ளைகள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்தார். பதினைந்து புலிகள் மலை ஏறின. ஒன்றை மட்டும் குமார் கண் கலங்கக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

என் முறை வந்தது. கட்டுக் கட்டாக வார இதழ்களைப் பார்த்த மேடம், "இதுல நீ எழுதினதை யாரும்மா படிப்பா?" என்று கேட்டார்.

"நான்தாங்க, அப்பப்போ..."

"அப்போ ஒண்ணு போதும். நாலு தள்ளுபடி."

என் எழுத்து வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமான விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை.

வெளியே போகிற சாமானை எப்படியோ ஒழுங்குபடுத்திவிட்டார். உள்ளே வருவதையும் விடவில்லை. வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு, பள்ளிக்கூட நோட்டில் கோடு கிழித்து கேட் பாஸ் தயாரித்தார். என் கணவர் ஆபீஸ் விட்டு வரும்போது மழைக்கு ஒரு குடை வாங்கி வந்துவிட்டார். மனிதர் தன் வீட்டு வாசலிலேயே நனைந்துகொண்டு நின்று, பழைய குடை எங்கே இருக்கிறது, அதில் என்ன கோளாறு, புதியதற்கு இடம் எது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே வந்தார். குடையை விரிக்கலாமா என்று கேட்டதற்கு, "பாஸ் இல்லாத சரக்கைப் பிரிக்கக் கூடாது" என்று பதில் வந்தது.

நான்கு நாளில் அறை பாதி காலியானது. இடையில் ஒரு விசித்திரம். அத்தையின் பாத்திரங்கள் மட்டும் வெளியே வரவே இல்லை. உள்ளேயும் இல்லை. மேடம் மூன்று முறை எண்ணிப் பார்த்தார். முதல் நாள் பார்வையில் இருந்த இட்லிப் பானை எங்கே? பித்தளை அடுக்கு எங்கே? அத்தை முகத்தைப் பச்சைக் குழந்தைபோல வைத்துக்கொண்டு, "எனக்கென்னம்மா தெரியும், நான் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோயிட்டு இருக்கேன்" என்றார்.

ஐந்தாம் நாள் நர்ஸம்மா என் கணவருக்குப் போன் செய்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்கம்மா தினம் ஒயர்கூடையில சாப்பாட்டுக்கு அடியில வச்சு என்னென்னமோ கொண்டாந்து பேஷன்ட் கட்டிலுக்கு அடியில அடுக்குறாங்க. தரை துடைக்க முடியலை. ஆபரேஷன் ஆனவருக்கு எதுக்கு சார் முறுக்கு அச்சு?"

மேடம் நேராக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். நானும் பின்னால் ஓடினேன். வார்டுக்குள் நுழைந்தவர் யாரையும் பார்க்கவில்லை. மாமாவின் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டார். அந்த நேரம் பார்த்து மாமா கண் விழித்தார். தன் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிவப்புப் பென்சில் செருகிய கொண்டை மட்டும் வெளியே தெரிவதைப் பார்த்து மிரண்டுவிட்டார்.

"யாரும்மா அது?"

"சரக்கு பார்க்க வந்தேன். நீங்க படுங்க" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு இதுதான்.

அத்தை அன்றைக்கு முதல் தடவையாக மேடத்தை எதிர்த்து வாயைத் திறந்தார். வார்டு என்றும் பார்க்கவில்லை. "என் வீட்டுச் சாமானைக் கேக்குறதுக்கு நீங்க யாருங்க? அவரு இங்க கிடக்கிறாரு, வீட்டுல நான் வச்சது வச்ச இடத்துல இல்லை. இந்தப் பானை, சட்டியாவது என் கண்ணு முன்னால இருக்கட்டுமேன்னு தூக்கிட்டு வந்தா, அதையும் விட மாட்டீங்களா?" என்று கேட்டவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

மேடம் கட்டிலுக்கு அருகில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்து, அடியில் வெட்டியிருந்த பெயரைப் படித்தார்.

"அக்கா, இதுல வேற யார் பேரோ இருக்கே?"

அத்தை முந்தானையை விலக்கிப் பார்த்தார். "அது சுவாமிமலை சரோஜாவுது. இவருக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ கீழாநெல்லி அரைச்சுக் கொண்டாந்தா."

இன்னொன்றைக் கவிழ்த்தார்.

"அது வலங்கைமான் பெரிய வீட்டுக்காரங்களுது. குமார் பொறந்தப்போ ரசம் வச்சுக் கொடுத்தாங்க."

கட்டிலுக்கு அடியில் இருந்தவற்றையும் வீட்டில் கிடந்தவற்றையும் சேர்த்துப் பார்த்ததில், இருபத்தாறு பாத்திரம் எங்களுடையதே இல்லை.

"ஏன்க்கா திருப்பிக் கொடுக்கலை?"

"வெறும் பாத்திரத்தையா திருப்பிக் கொடுக்கிறது? ஏதாவது பண்ணிப் போட்டுக் கொடுக்கணும்னு எடுத்து வைப்பேன். அன்னிக்கு முடியாது. அப்பறம் மறந்துபோகும். அப்பறம் கொடுத்தா, இவ்வளவு நாளா ஏன் வச்சிருந்தேன்னு நினைப்பாங்களேன்னு கூச்சமா போயிடும்."

மேடம் கொஞ்ச நேரம் தூக்கின் கைப்பிடியைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தார். பிறகு, "பிறத்தியார் சரக்கு நம்ம குடோன்ல நிக்கக் கூடாதுக்கா. நாளைக்கு நானும் வர்றேன். ரெண்டு பேருமா போய்க் கொடுத்துட்டு வந்துடலாம்" என்றார்.

அத்தை அதிரசம் சுட்டார். மேடம் முறத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, அதிரசங்களை முறத்தின் சுவரிலிருந்து தள்ளி அடுக்கிக்கொண்டிருந்தார். இருபத்தாறு பாத்திரத்திலும் நாலு நாலு அதிரசம் போட்டு, ஒரு ஆட்டோ பிடித்து இருவரும் கிளம்பினார்கள். ஆட்டோவில் ஏறும்போது மேடம் அத்தையிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "கொடுக்கிறது மட்டும்தான். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. காபிகூட நின்னுக்கிட்டேதான்."

இரண்டு நாள் சுற்றினார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. உள்ளே மேடம் தெரியவில்லை. ஒரு பலாப்பழம் தெரிந்தது. அதற்குப் பின்னால் மேடம் இருந்தார். காலடியில் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி, எள்ளுருண்டை டப்பா, ஒரு கட்டு முருங்கைக்கீரை. சுவாமிமலை சரோஜா வீட்டில் சாமி சிலை வார்க்கிற பட்டறை இருக்கிறது. அவர்கள் மெழுகு பிசைகிற கையைக் கழுவிவிட்டு வந்து, இருவரையும் இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்களாம். இத்தனை வருஷம் ஏன் பாத்திரத்தை வைத்திருந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையாம். வராமல் இருந்ததற்குத்தான் திட்டினார்களாம்.

"எத்தனை போச்சு மேடம்?" என்று கேட்டேன்.

"இருபத்தாறு போச்சு."

"எத்தனை வந்திருக்கு?"

மேடம் என்னைப் பார்க்காமல் பலாப்பழத்தைத் தடவிக்கொடுத்தார். "முப்பத்தொண்ணு" என்றார். "நான் வேணாம்னுதாம்மா சொன்னேன். யாரும் கேக்கலை."

முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் கண்ட ஒரே தோல்வி அதுவாகத்தான் இருக்கும். ஆனால் முகத்தில் தோற்றவர் களை இல்லை. அத்தை இறங்குவதற்கு மேடம் கை கொடுத்தார். அன்றிலிருந்து அத்தை அவரை மற்றவர்கள் மாதிரி மேடம் என்று மரியாதையாகக் கூப்பிட்டாலும், அந்த "மேடம்" எங்கள் வீட்டுப் பெண் பெயர்போல ஒலிக்கத் தொடங்கியது.

பதினோராம் நாள் சாமான் ரூமின் தரை தெரிந்தது. பச்சை மொசைக். இவ்வளவு அழகான தரை போட்டிருந்தோமா என்று என் கணவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். கட்டில் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றது. வாசலிலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு மிதியடிகூடக் கிடையாது.

மாமாவுக்காக மேடம் போட்ட அட்டிதான் அவருடைய வாழ்நாள் சாதனை. கட்டிலில் சாய்ந்தபடி வலது கையை நீட்டினால் தண்ணீர். சற்றுத் தள்ளிக் கண்ணாடி. அடுத்தது ரேடியோ. இடது கைப்பக்கம் செய்தித்தாள், மாத்திரை, வெற்றிலைப் பெட்டி, கூப்பிட ஒரு மணி. ஒவ்வொன்றையும் தானே கட்டிலில் படுத்துக் கை நீட்டிப் பார்த்து இடம் குறித்திருந்தார். மாமா வந்து படுத்தார், கை நீட்டினார், எல்லாம் கைக்கு வந்தது. "பரவாயில்லையே, அந்தம்மா கெட்டிக்காரிதான்" என்றார். மேடம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதில்தான் வினை வந்தது. எல்லாம் கைக்கு எட்டுகிறபோது மாமா எதற்கு எழுந்திருக்க வேண்டும்? பாத்ரூமுக்கு மட்டும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள எழுந்தார். வாக்கர் மூலையில் நின்றது. அதன்மேல் துண்டு காய்ந்தது. மூன்று வாரம் கழித்துப் பிசியோதெரபி செய்ய வருகிற பெண் காலை மடக்கிப் பார்த்து முகம் சுளித்தாள்.

"ஐயா நடக்கவே இல்லை போலிருக்கே. இப்படியே விட்டா மூட்டு இறுகிடும். அப்பறம் படுக்கைதாங்க."

என் கணவர் கெஞ்சினார். குமார் அதட்டினான். பிள்ளைகள் கொஞ்சினார்கள். "நாளைக்கு" என்று மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முன்னெல்லாம் விடியற்காலையில் கிளம்பி நாலு வாய்க்கால் தாண்டி வயலைச் சுற்றி வந்தவர்.

ஒருநாள் மத்தியானம் அத்தை அவருக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். நானும் மேடமும் கூடத்தில் கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். மாமாவின் குரல் மெதுவாகக் கேட்டது.

"பயமா இருக்குடி. வரப்புல விழுந்தப்போ ரெண்டு மணி நேரம் சேத்துலயே கிடந்தேன். கூப்பிட்டேன், யாருக்கும் கேக்கலை. காலைத் தரையில வச்சாலே அந்த நெனப்புதான் வருது."

அதை அவர் எங்களிடம் அதுவரைக்கும் சொன்னதில்லை. மேடம் கொத்தவரங்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு முழுவதும் அவர் வீட்டு ஜன்னல் சாத்தியே இருந்தது.

மறுநாள் காலை மாமா வலது கையை நீட்டினார். தண்ணீர் இருந்தது. கண்ணாடி இல்லை.

"வசந்தி! என் கண்ணாடி எங்க?" என்று என்னைக் கூப்பிட்டார்.

நான் போவதற்குள் மேடம் குறுக்கே வந்து என்னை நிறுத்தினார். அவரே உள்ளே போனார். "கண்ணாடிங்களா? ஜன்னல்கிட்ட வச்சுட்டேன் போலிருக்கு. ஞாபகமே இல்லைங்க."

"எடுத்துக் கொடும்மா."

"இதோ வந்துடுறேன், அடுப்புல பால் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேடம் வெளியே வந்துவிட்டார். அடுப்பில் பால் எதுவும் இல்லை.

மாமா மணியை அடித்தார். யாரும் போகவில்லை. அத்தையைக் கூப்பிட்டார். அத்தை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். மாமா பத்து நிமிஷம் திட்டினார். பிறகு வாக்கரை இழுக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் நாலே எட்டு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "அறிவு இருக்கா இந்தம்மாவுக்கு!" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

மேடம் கதவோரம் அவருக்குத் தெரியாமல் நின்றிருந்தார். வாய் ஏதோ முணுமுணுத்தது. இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன, விழுகிறவரைத் தாங்கத் தயாராக.

அடுத்த நாள் செய்தித்தாள் கூடத்துக்குப் போய்விட்டது. அதற்கடுத்த வாரம் வெற்றிலைப் பெட்டி அடுக்களை ஜன்னலில் இருந்தது, சுண்ணாம்பு மட்டும் வாசல் மாடத்தில். ரேடியோவை ஒருநாள் கொல்லைக் கிணற்றடியில் கண்டுபிடித்தோம். மாமா தினமும் வாக்கரைத் தரையில் தட்டித் தட்டி நடந்து தேடுவார், கண்டுபிடிப்பார், திட்டுவார். திட்டுகிற சுவாரசியத்தில் நடப்பது அவருக்கு மறந்துபோனது.

தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. "அட்டி மேடத்துக்கே மறதி வந்துடுச்சாமே. வச்சது வச்ச இடத்துல இல்லையாம். பாவம், வயசாயிடுச்சு." டீச்சர் தன் பீரோவைக் காட்டி, இதை இனிமேல் சுவரோடு ஒட்டி வைத்துவிடலாமா என்றுகூடக் கேட்டாராம். அடுக்குவதைத் தவிர வேறு எதிலும் பெருமை கொள்ளாத பெண்மணி. நான் பொறுக்காமல், "சொல்லிடலாமே மேடம், வேணும்னுதான் செய்றீங்கன்னு" என்றேன்.

"சொல்லாதம்மா. தெரிஞ்சா அவரு உட்கார்ந்துடுவாரு" என்றார்.

தை பிறந்தபோது வாக்கர் பரணுக்குப் போயிற்று. மாமா கைத்தடியோடு தெருவைக் கடந்து, எதிர்வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். மேடம் எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, வேணும்னுதானே எல்லாத்தையும் ஒளிச்சு வச்சீங்க?"

"ஐயோ, இல்லைங்க. ஸ்டாக் மாறிப்போச்சு. வயசாச்சுல்ல."

மாமா அவரை அண்ணாந்து பார்த்தார். "ஆமா, வயசாச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பாதி வழியில் நின்று தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

போன வருஷம் மேடம் முத்துப்பேட்டைக்குப் போய்விட்டார். அங்கே அவர் தங்கைக்கு உடம்பு முடியவில்லை. அவர் போனபிறகு எங்கள் வீடு அவர் வைத்தபடியே இருந்தது. ஒரு பொருளை ஓர் அங்குலம் நகர்த்த எங்களுக்கு மனம் வரவில்லை. கம்பளி, பெட்டி எதுவும் திரும்பி வரவில்லை. அத்தைகூடப் பாத்திரங்களை உடனுக்குடன் கொடுத்துவிடுகிறார்.

முந்தாநாள் போன் வந்தது. தங்கை தேறிவிட்டாளாம், அடுத்த வாரம் தஞ்சாவூர் வருகிறாராம்.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்மா. வீடு எப்படி இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ரொம்ப மோசங்க. கால் வைக்க இடம் கிடையாது. ரெண்டு நாள் எந்த மூலைக்கு? ஒரு மாசமாவது ஆகும். அதுக்குத் தகுந்த மாதிரி துணிமணி எடுத்துட்டு வாங்க."

போனை வைத்தார். கூடத்தில் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். சுற்றிலும் ஒரு தூசி இல்லை, ஒரு துணி இல்லை.

"என்ன பார்க்கிறீங்க? பரண்ல இருக்கிறதை இறக்குங்க" என்றார்.

நேற்றிலிருந்து ஒன்பது பேரும் சேர்ந்து வீட்டைக் கலைத்துக்கொண்டிருக்கிறோம்.